ஆறு வரைக்கும் ஓட்டிப் பாருங்க, பா

1

என் முன்பல் ஒன்று இல்லை. என் மகள் அடித்ததில் போனது.

இதை ஊரில் இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் வந்த தங்கச்சி, சாப்பிட்டாயா என்றுகூடக் கேட்காமல், “அண்ணே, பல்லு எங்கண்ணே?” என்றாள். குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டேன் என்றேன். அவள் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்த மாப்பிள்ளை, “என்ன மச்சான், மலேசியாவுல பல்லுக்கும் வரி போட்டுட்டாங்களா?” என்று சிரித்தார். நானும் வாயை மூடிக்கொண்டு சிரித்தேன்.

போனை வைத்ததும் பயம் பிடித்துக்கொண்டது. நான் குளியலறை என்று சொன்னேன். நாளைக்கு என் மனைவி சரசு வேறு எதையாவது சொல்லிவிட்டால்? பெத்த அப்பனைப் பொண்ணு அடிச்சுப் பல்லை உடைச்சுட்டாளாம் என்று அறந்தாங்கி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் பேச்சு போய்விடும். பாதிச் சேதி போவதைவிட முழுச் சேதி போகட்டும் என்றுதான் உட்கார்ந்து எழுதுகிறேன். எட்டாவதோடு நின்றவன் எழுத்து. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் ஈப்போவில் முடிவெட்டும் கடை வைத்திருக்கிறேன். ஊரில் இருந்த வருஷங்களைவிட இங்கே இருந்த வருஷங்கள் கூடிவிட்டன. கத்தி பிடிக்கும்போது எனக்குக் கை நடுங்காது. கடையைப் பூட்டிவிட்டுப் பாதி வழி வந்த பிறகுதான் நடுக்கம் வரும். வெந்நீர்ப் பாத்திரத்தை அணைத்தேனா? திரும்பிப் போவேன். அணைந்திருக்கும். மறுபடியும் பாதி வழி வந்ததும், அணைந்திருந்ததைச் சரியாகப் பார்த்தேனா என்று தோன்றும். சரசு எனக்கு ‘ரிவர்ஸ் கியர்’ என்று பேர் வைத்திருக்கிறாள். வீட்டுக்கு யார் வந்தாலும் அவள் என்னை அறிமுகப்படுத்துவது அந்தப் பேரில்தான்.

இப்படிப்பட்டவன், சாலையே இல்லாத இடத்தில் வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டேன்.

2

மகள் பெயர் துர்கா. எங்களுக்கு ஒரே பிள்ளை. ஹோட்டல் நிர்வாகம் படிக்கப் போனவள் பாதியில் விட்டுவிட்டு வந்தாள். என்னிடம் பேசுவது தமிழ், தோழிகளிடம் மலாய், போனைப் பார்த்துத் தனக்குத்தானே சிரித்துக்கொள்வது ஆங்கிலம். அந்த மூன்றாவது ஆளை எனக்குத் தெரியாது.

ஒரு நாள் மாலை கடைக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். இடுப்பு வரை முடி.

“பா, வெட்டுங்க. ஷார்ட்டா.”

“உங்கம்மா என்னைக் கொன்னுருவா.”

“எனக்கு வேலை கெடைச்சிருக்கு பா. ஹெல்மெட் போடணும். இந்த முடி சரிவராது.”

மகள் சம்பாதிக்கும் நாள் வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டே ஒரு பிடி முடியை வெட்டினேன். அப்புறம்தான் என்ன வேலை என்று கேட்டேன்.

“டூரிஸ்டுங்கள ஃபோர் வீல்ல ஏத்திக்கிட்டு காட்டுக்குள்ள போறது.”

“யாரு ஓட்டுறது?”

“நான்தான் லா.”

கத்தரிக்கோல் கையிலேயே நின்றுவிட்டது. பாதி வெட்டிய தலையோடு அவளை எழுப்பி அனுப்பவும் முடியாது. மீதியையும் வெட்டினேன். தரையில் கிடந்த முடியைக் கூட்ட மனம் வராமல் துண்டு போட்டு மூடி வைத்தேன்.

அன்று வீட்டில் நடந்தது சண்டை இல்லை, அடிதடி. சரசு தோசைக் கரண்டியை எறிந்தாள். அது என் காதை உரசிக்கொண்டு போய்ச் சுவரில் சுண்ணாம்பைப் பெயர்த்தது. துர்கா கதவை அறைந்த வேகத்தில் மாரியம்மன் படம் கீழே விழுந்து கண்ணாடி நொறுங்கியது. சரசு வெறும் கையால் அந்தக் கண்ணாடியைப் பொறுக்கினாள். ரத்தம் சொட்டச் சொட்ட, “இப்ப சந்தோசமா? ஆத்தா மொகத்தையும் ஒடைச்சாச்சு” என்றாள். துர்கா வேலைக்குப் போனாள். அதற்குப் பிறகு மாதக்கணக்கில் அம்மாவும் மகளும் என் வழியாகத்தான் பேசிக்கொண்டார்கள். நான் இரண்டு பக்கமும் அடிபடும் கதவு மாதிரி நின்றேன்.

அந்தக் காலத்தில்தான் கடையில் துண்டுகள் குறையத் தொடங்கின. சவரத்துக்கு முன் முகத்துக்கு ஒத்தடம் கொடுக்கும் கனமான துண்டுகள், நீலக் கரை போட்டவை. சலவைக்காரரைச் சந்தேகப்பட்டேன். எதிர்க்கடைச் சீனரைச் சந்தேகப்பட்டேன். கடைசியில் என்னையே சந்தேகப்பட்டேன்.

பிறகு ஒரு மாலை வேலை முடிந்து துர்கா மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை கன்றிப்போன கையோடு வந்தாள். கத்தரிக்காய் நிறம். சரசு அந்தக் கையைப் பிடித்து என் முன்னால் நீட்டினாள்.

“நீங்க அப்பன்தானே? ஒரு வார்த்த சொல்லுங்க. இனிமே போவாதன்னு சொல்லுங்க.”

நான் வாயைத் திறப்பதற்குள் துர்கா சொன்னாள்: “அப்பா வேணாம்னா நிறுத்திர்றேன். ஆனா தெரியாம சொல்லக் கூடாது. அம்மா பொறந்த தோட்டத்துக்குப் போவோம். கேட்டுலேருந்து ஆறு வரைக்கும் அப்பா ஓட்டணும். திரும்பி வரணும். நான் பக்கத்துல உக்காந்துருப்பேன். அதுக்கப்புறம் வேணாம்னு சொன்னா, சாவியை மொதலாளி தவுக்கே கையில குடுத்துட்டு வந்துர்றேன். சத்தியமா.”

சரசு சிரித்தாள். “ரிவர்ஸ் கியரா? அவரு கேட்டையே தாண்ட மாட்டாரு லா. சரி, நான் ஒத்துக்கிறேன்.”

நானும் தலையாட்டினேன். சொல்ல வேண்டிய வார்த்தை எனக்கு அப்போதே தயாராக இருந்தது. வேணாம். உயிரோடு போய்விட்டு உயிரோடு திரும்பி வந்து அதைச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

3

நான் வண்டி ஓட்டக் கற்றது ஊரில், அடிபட்டு. பள்ளிக்கூடத்தை விட்டதும் லாரியில் கிளீனராகப் போனேன். கருப்பையா டிரைவர் ஆளில்லாத சாலை வந்தால் என்னை ஓட்டச் சொல்லுவார். கியர் மாற்றும்போது பல்சக்கரம் கரகரத்தால் பின்மண்டையில் ஓர் அறை. பிரேக் பிந்தினால் இரண்டு. ஒருமுறை சுமை கட்டிய கயிறு அறுந்து, கூட வந்த சுமைக்காரரின் கன்னத்தைக் கிழித்துவிட்டது. வாயை மூடியிருக்கும்போதே அவர் பல் தெரிந்தது. அன்றிலிருந்து இறுக்கிக் கட்டிய எதைப் பார்த்தாலும், கொடிக்கயிறானாலும், நான் சுற்றி வளைத்துத்தான் போவேன்.

இங்கே வந்த பிறகு அந்த லைசென்ஸ் செல்லவில்லை. மறுபடி வகுப்பு, மறுபடி பரீட்சை, எல்லாம் மலாயில். மலாய்க்கும் எனக்கும் ஆரம்பத்திலிருந்தே ஆகாது. கல்யாணம் ஆன புதிதில் விசா புதுப்பிக்கப் போனபோது, கவுண்டரில் இருந்தவர் ‘இஸ்திரி’ எங்கே என்று கேட்டார். மலாயில் மனைவி. நான் சட்டையைத் தடவிப் பார்த்துக்கொண்டு, வீட்டில் இருக்கிறது, அவசரத்தில் தேய்க்காமல் வந்துவிட்டேன் என்றேன். அவர் வெகுநேரம் என்னையே பார்த்தார். இன்று என்னிடம் நிரந்தரவாசியின் சிவப்பு அட்டை இருக்கிறது. ஆனாலும் போலீஸ் வண்டியைப் பார்த்தால் என் கை தானாகச் சட்டைப்பைக்குப் போகும். ஏதாவது கேஸில் பேர் வந்தால் அந்த அட்டையைப் பிடுங்கிவிடுவார்களோ என்ற பயம் போகவே இல்லை.

துர்கா எனக்குப் பாடம் எடுத்தது செமோருக்குப் பக்கத்தில், பழைய ஈயச் சுரங்கக் குட்டைகளை ஒட்டிய மணல்மேட்டில். முதல் நாள், நான் ஸ்டீயரிங்கைப் பிடித்ததுமே புறங்கையில் பட்டென்று ஒன்று வைத்தாள்.

“கட்டை வெரல உள்ள போடாதீங்க பா. வெளிய வைங்க.”

“ஏம்மா?”

“சக்கரம் கல்லுல அடிச்சா ஸ்டீயரிங் தானா சுத்தும். உள்ள இருந்தா வெரலு முறிஞ்சிரும். என் கூட வேல செஞ்ச பொண்ணுக்கு முறிஞ்சிச்சு. சத்தம் கேட்டுச்சு பா, குச்சி ஒடிக்கிற மாதிரி.”

இறக்கத்தில் பிரேக்கைத் தொடக் கூடாது என்பது இரண்டாவது பாடம். லோ கியரில் போட்டுவிட்டுக் காலை எடுத்துவிட வேண்டும். வண்டி தன் பாரத்தைத் தானே பிடித்துக்கொண்டு இறங்கும். இது புத்திக்குப் புரிகிறது, காலுக்குப் புரியவில்லை. மேட்டிலிருந்து இறங்கும்போது மிதித்துவிட்டேன். சக்கரங்கள் பூட்டிக்கொண்டு, வண்டி பக்கவாட்டில் திரும்பிக் குட்டையை நோக்கி வழுக்கியது. துர்கா குறுக்கே பாய்ந்து என் முழங்காலைப் பிடித்துத் தூக்கினாள். தண்ணீருக்கு ஒரு முழம் முன்னால் நின்றோம். ஒரு கொக்கு மட்டும் பறந்து போனது.

“கருப்பையா டிரைவரா இருந்தா இந்நேரம் அறைஞ்சிருப்பாரு” என்றேன், மூச்சு வாங்கிக்கொண்டு.

“நானும் அறையத்தான் நெனச்சேன் பா. கை எட்டல.”

4

சரசு பிறந்த ரப்பர் தோட்டம் சுங்காய்ப் பக்கம் இருக்கிறது. இருந்தது என்று சொல்ல வேண்டும். கூலிக்காரர்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்து வீடுகளை இடித்துவிட்டார்கள். பாதி நிலத்தில் செம்பனை. ஆற்றை ஒட்டிய சரிவில் மட்டும் பால்மரங்கள் இன்னும் நிற்கின்றன. யாரும் வெட்டுவதில்லை, யாரும் பால் எடுப்பதுமில்லை. கரை மேட்டில் பெரிய தூங்குமூஞ்சி மரம் ஒன்று. அதன் அடியில் முனியாண்டி. சூலமும் மஞ்சள் பூசிய கல்லும்தான் கோயில். மரத்தின் இடுப்பில் மஞ்சள் துணி. தோட்டத்து ஜனங்கள் ஊர் ஊராகப் பிரிந்து போய்விட்டாலும் வருஷத்துக்கு ஒருமுறை வந்து சேவல் அறுத்துப் பூசை போடுவார்கள். சரசு ஒரு வருஷம்கூடத் தவறவிட்டதில்லை.

இரண்டு வண்டிகளில் போனோம். காட்டுக்குள் ஒற்றை வண்டியாகப் போகக் கூடாது என்பது இவர்கள் சட்டம். மற்ற வண்டி மணியத்தினுடையது. சொந்தமாக லாரி வைத்திருப்பவர், நாற்பது வயதிருக்கும், துர்காவின் தவுக்கேக்குக் கூட்டாளி. பெரிய குரல். போன மாதம்தான் ஜீப்புக்குப் புதுச் சாயம் அடித்திருந்தார்.

“வாங்க ஊர்க்காரரே! கட்டிங்கு சேவிங்கு எல்லாம் ஓரமா வச்சிட்டு வந்தாச்சா? இன்னிக்கி காடு ஒங்களுக்கு மொட்ட போடப் போவுது.”

முனி முன்னால் வண்டிகளை நிறுத்தினோம். மணியம் ஒரு சுருட்டைப் பற்றவைத்துக் கல்லின் முன்னால் வைத்தார். நான் கும்பிட்டேன். இன்றைக்கு ஒருநாள் மட்டும் பார்த்துக்கொள் சாமி, நாளையிலிருந்து அவள் வர மாட்டாள் என்று வேண்டிக்கொண்டேன்.

இறக்கத்தில் காலை எடுத்தேன். பிரேக்கைத் தொடவில்லை. செம்மண் சரிவில் வண்டி உறுமிக்கொண்டு இறங்கியது. ஒவ்வொரு பள்ளத்திலும் தலை கூரையில் மோதியது. ஸ்டீயரிங் என் கையில் உயிருள்ள மிருகம் மாதிரி துள்ளியது. கட்டைவிரலை வெளியே வைத்திருந்தேன். ஆற்றில் தண்ணீர் பச்சையாக, கணுக்கால் அளவு ஓடியது. குறுக்கே ஓட்டி அக்கரைக்குப் போய்த் திருப்பினேன்.

“பா, சூப்பர் லா!” என்று துர்கா கத்தினாள். எனக்கே ஒரு கணம் நெஞ்சு நிமிர்ந்தது. உடனே அடக்கிக்கொண்டேன். வேணாம் என்று சொல்ல வந்தவன் நான்.

திரும்பும்போது மலைப்பக்கம் வானம் கறுத்திருந்தது. மணியம் முன்னால் ஏறி, மேட்டில் பால்மரங்களுக்குப் பக்கத்தில் நிறுத்தினார். நான் இக்கரை ஏறும் இடத்தில் பயந்து ஆக்சிலேட்டரை விட்டேன். அதுதான் கேடு. பின்சக்கரங்கள் சேற்றைத் தோண்டிக்கொண்டு அச்சு வரை இறங்கின. மறுபடி மிதித்தேன். சேறு கண்ணாடி உயரத்துக்கு அடித்தது. ரப்பர் கருகும் நாற்றம். வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றுவிட்டது.

துர்கா திரும்பி ஆற்றைப் பார்த்தாள். பச்சைத் தண்ணீர் செங்கல் கரைத்த நிறமாகியிருந்தது. இலைகள், குச்சிகள், பிறகு ஒரு முழு வாழைமரம், வேரோடு, சுழன்றுகொண்டு போனது.

“மேல மழ பேஞ்சிருச்சு” என்றாள். “எறங்குங்க பா. சீக்கிரம்.”

5

மணியம் தன் ஜீப்பில் நைலான் இழுவைப் பட்டை கட்டி இழுத்துப் பார்த்தார். அவர் வண்டிதான் எங்களை நோக்கி வழுக்கியது. பட்டையைக் கழற்றிவிட்டார். இனி வின்ச்தான் வழி. வண்டியின் மூக்கில் இரும்பு வடம் சுற்றிய உருளை இருக்கும். வடத்தை இழுத்துக்கொண்டு போய் மேலே ஒரு மரத்தில் மாட்டிவிட்டுப் பொத்தானை அழுத்தினால், உருளை வடத்தைச் சுற்றிச் சுற்றி வண்டியைத் தானே மேலே இழுத்துக்கொள்ளும். மரம் தாங்க வேண்டும். எல்லாம் அதில்தான் இருக்கிறது.

துர்கா வடத்தைத் தோளில் போட்டுக்கொண்டு சேற்றில் தவழ்ந்து ஏறினாள்.

“முனி மரத்துல கட்டுறேன் பா. அதுதான் தாங்கும்.”

“ஏய், பைத்தியமா ஒனக்கு?” மணியம் கத்தினார். “சாமி மரத்துல பெல்ட்டு போடுவியா? கை கால் வெளங்காது! பால்மரத்துல கட்டு!”

“பால்மரம் நம்பிக்க இல்லண்ணே. இதெல்லாம் கெழட்டு மரம்.”

நானும் கத்தினேன். “உங்கம்மா கும்பிடுற சாமிம்மா அது. வேணாம்மா. அந்தப் பால்மரம் எவ்வளவு தடியா இருக்கு பாரு.”

அவள் என்னைப் பார்த்தாள். தண்ணீரைப் பார்த்தாள். அது எங்கள் பின்சக்கரத்தின் பாதிக்கு வந்திருந்தது. பால்மரத்தின் அடியில் பட்டையைச் சுற்றி, இரும்பு வளையத்தில் வடத்தை மாட்டினாள். மாட்டிவிட்டு ஆட்டிப் பார்த்தாள். நாலு எட்டு நடந்து வந்தவள் திரும்பிப் போய் மறுபடி ஆட்டிப் பார்த்தாள். வந்தாள். மூன்றாவது தடவையும் போனாள்.

“அப்பனும் மவளும் ஒரே ரகம் லா!” என்றார் மணியம். “தண்ணி வருது, இவ பூட்டை ஆட்டிக்கிட்டு இருக்கா!”

எனக்குச் சுருக்கென்றது. அந்த நடையை நான் எங்கே பார்த்திருக்கிறேன் என்று தெரிந்துவிட்டது. தினமும் கடை வாசலில், என் காலில்.

பிறகு அவள் பின்பெட்டியைத் திறந்து, தைத்துக் கட்டிய கனமான ஒரு துணிப்பொதியை எடுத்து ஆற்றில் முக்கினாள். நீர் சொட்டச் சொட்ட அதை வடத்தின் நடுவில் தொங்கவிட்டாள். நீலக் கரை. என் கடைத் துண்டுகள்.

“வடம் அந்துச்சுன்னா பறக்கும் பா. இந்தப் பாரம் இருந்தா கீழ விழும்.” என் முகத்தைப் பார்த்துவிட்டு, “அப்புறம் திட்டுங்க” என்றாள். பொத்தானை என் கையில் கொடுத்தாள். “கதவுக்குப் பின்னாலயே நில்லுங்க. என்ன ஆனாலும் வெளிய வரக் கூடாது.”

அழுத்தினேன். வடம் சேற்றிலிருந்து எழுந்து விறைத்தது. கீச்சென்று ஒரு முனகல். வண்டி அசைந்தது. ஒரு சாண் ஏறியது. எனக்குள் ஏதோ ஒன்று, வளையம் சரியாக மாட்டியிருக்கிறதா, சரியாகப் பார்த்தாளா என்றது. மூன்று தடவை பார்த்தாள் என்று தெரியும். தெரிந்தும் ஓர் எட்டு வெளியே வந்தேன்.

சத்தம் மண்ணுக்குள்ளிருந்து வந்தது. மரம் முறியவில்லை, அடியோடு பெயர்ந்தது. வேர்கள் வெள்ளை வெள்ளையாக, செத்த நரம்பு மாதிரி மேலே வந்தன. நான் பார்த்துக்கொண்டே நின்றேன். 

பக்கத்திலிருந்து ஒரு கைமுட்டி வந்து என் வாயில் இறங்கியது. தாடையில் இடி விழுந்த மாதிரி இருந்தது. சேற்றில் மல்லாந்து விழுந்தேன். துர்கா என் மேல் விழுந்தாள். எங்களுக்கு மேலே காற்று கிழிந்தது. கண்ணாடி வெடித்தது. பிறகு மரத்தின் தலை மணியத்தின் ஜீப்பின் மேல் சரிந்து நொறுங்கியது. தகரம் மடங்கும் சத்தம் அடங்க நேரமாயிற்று.

எழுந்து பார்த்தபோது, நான் நின்ற இடத்துக்கு நேராக இருந்த கதவுக் கண்ணாடி இல்லை. பட்டை அறுந்து பறந்த இரும்பு வளையம் ஓட்டுநர் இருக்கையைக் கிழித்துக்கொண்டு பஞ்சுக்குள் கிடந்தது. வடத்தின் பெரும்பகுதி துண்டுப்பொதியோடு சேற்றில் விழுந்திருந்தது. பொதி நார் நாராகப் போயிருந்தது. என் வாயில் உப்பும் சேறும், நாக்கில் சின்னதாக ஒரு கல். துப்பினேன். கல் இல்லை, பல்.

துர்கா தன் முட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு விரல் எலும்புக்கு மேல் தோல் பிளந்திருந்தது. “தள்ளத்தான் பா வந்தேன்” என்றாள். “தள்ளினா நீங்க திரும்பி நின்னு ஏன்னு கேப்பீங்க.”

அதற்குள் மணியம் வந்துவிட்டார். என் சட்டையைக் கொத்தாகப் பிடித்துத் தூக்கி, விலாவில் ஒரு குத்து. “ஊர்க்காரப் பயலே! என் காடியப் பாருடா! எவன்டா பால்மரத்துல கட்டச் சொன்னது?”

சொன்னவரே அவர்தான் என்று சொல்ல வாயில் மூச்சில்லை. இன்னொரு குத்து விழுந்தது. அப்போதும் என் நினைவெல்லாம் சிவப்பு அட்டையில்தான். திருப்பி அடித்தால் போலீஸ், போலீஸ் வந்தால் மறுபடி அந்த விசா கவுண்டர். கையைத் தூக்காமல் நின்றேன்.

“அண்ணே, கைய எடு.”

துர்கா சக்கரம் கழற்றும் ஸ்பேனரை இரண்டு கையாலும் தோளுக்கு மேல் பிடித்திருந்தாள். அவள் முழங்கை வரை ரத்தம் வழிந்தது. என்னுடையதா அவளுடையதா தெரியவில்லை.

“எடுங்கன்னு சொல்லலைண்ணே, கவனி. எடுன்னு சொல்றேன். எங்கப்பா மேல இன்னொரு அடி விழுந்துச்சு, ஒன் காடியில மிச்சம் இருக்கிற கண்ணாடியோட சேத்து ஒன் மண்டையையும் ஒடைப்பேன்.”

அவள் கை நடுங்கவில்லை. மணியம் அதைப் பார்த்தார். என் சட்டையை விட்டார்.

6

தண்ணீர் கதவின் அடியைத் தொட்டுவிட்டது. வண்டி மெல்லப் பின்னால் நகர ஆரம்பித்திருந்தது. இன்னொரு இழுப்புக்குத்தான் நேரம் இருந்தது. மூன்று பேரும் ஒரே மரத்தைப் பார்த்தோம்.  துர்கா என்னைப் பார்த்தாள். கட்டிவிடவும் அவளால் முடியும். ஆனாலும் என் வார்த்தைக்காக நின்றாள்.

நான் சப்பாத்தைக் கழற்றினேன். மணியம் கழற்றிப் போட்ட பட்டையை எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு ஏறினேன். முனியின் கல்லுக்கு முன்னால் சுருட்டு இன்னும் புகைந்துகொண்டிருந்தது.

“சாமி, ஒன் இடுப்புல கட்டுறேன். கோவம் வந்தா என் மேல காட்டு. அவ மேல காட்டாத” என்றேன். பல் போன இடத்தில் காற்று வந்து வார்த்தை சரியாக விழவில்லை. முனிக்குப் புரிந்திருக்கும்.

மஞ்சள் துணியை அவிழ்த்தேன். வாயிலிருந்து ரத்தம் நிற்காமல் வந்ததால் அதையே வாயில் வைத்து அழுத்திக்கொண்டேன். மரத்தைச் சுற்றிப் பட்டையைப் போட்டேன். துர்கா வந்து வளையத்தை மாட்டி ஆட்டிப் பார்த்தாள். நானும் ஆட்டிப் பார்த்தேன். மறுபடி அவள். மறுபடி நான். மணியம் இந்தத் தடவை தன் சட்டையைக் கழற்றி ஆற்றில் முக்கி, கிழிந்த துண்டுகளோடு சேர்த்து வடத்தின் மேல் அவரே போட்டார்.

நான் கண்ணாடி இல்லாத கதவைத் தாண்டி ஏறி, கிழிந்த இருக்கையில் உட்கார்ந்தேன். பொத்தான் துர்காவிடம். வடம் விறைத்தது. தூங்குமூஞ்சி மரம் ஓர் இலைகூட உதிர்க்கவில்லை. பாதி ஏற்றத்தில் சக்கரம் ஒரு வேரில் இடித்து, ஸ்டீயரிங் சாட்டை மாதிரி சுழன்றது. கட்டைவிரல் வெளியே இருந்தது. வண்டி சேற்றைக் கக்கிக்கொண்டு மேட்டில் ஏறி நின்றது.

திரும்பிப் பார்த்தேன். நாங்கள் சிக்கியிருந்த இடம் தெரியவில்லை. ஆறு மட்டும்தான் தெரிந்தது.

மஞ்சள் துணியை மறுபடி மரத்தில் கட்டினேன். அதில் பாதி சிவப்பாகியிருந்தது. முனிக்கு வருஷத்துக்கு ஒருமுறை சேவல் ரத்தம் போகும். இந்த வருஷம் முன்கூட்டியே என்னுடையது போய்விட்டது.

கிளைகளை விலக்கி ஜீப்பை வெளியே எடுத்த பிறகு, மணியம் கிளம்பும் முன் என் பக்கத்தில் வந்து நின்றார். நசுங்கிய ஜீப்பைப் பார்த்துக்கொண்டே, “வெலா வலிக்குதாண்ணே?” என்றார்.

“பல்லு போன வலியில அது தெரியல தம்பி.”

“ஒங்க பொண்ணு என்னைய உண்மையா அடிச்சிருப்பாளா?”

“அடிச்சிருப்பா” என்றேன்.

7

சரசு வாசலிலேயே காத்திருந்தாள். மழைத் தூறலில் எங்கள் இரண்டு பேரையும் மேலும் கீழும் பார்த்தாள். மகளின் கை, என் வாய், வண்டியின் கதவு. யாரை முதலில் திட்டுவது என்று தெரியாமல் திண்டாடியது முகத்தில் தெரிந்தது.

துர்கா எதையும் மறைக்கவில்லை. மரம் விழுந்தது, அடித்தது, மணியம், ஸ்பேனர், எல்லாம் சொன்னாள். சரசு பாதியிலேயே மறித்தாள்.

“எந்தப் பால்மரம்? ஆத்தோரம் கடைசி நெரையா? அந்த நெர பூரா வேர் செத்ததுடி. எங்கப்பா பால் வெட்டுன காலத்துலயே ஒவ்வொண்ணா சாஞ்சிச்சு. தோட்டத்துல பொறந்த ஒருத்தர்கிட்ட கேட்டிருந்தா சொல்லியிருப்பாங்க இல்ல? என்னையக் கேட்டீங்களா?”

நாங்கள் கேட்கவில்லை. அம்மாவும் மகளும் பேசிக்கொள்ளாத மாதங்களில் யார் யாரைக் கேட்பது?

“அப்புறம் எப்படித்தான் வெளிய வந்தீங்க?”

துர்கா என்னைப் பார்த்தாள். பஞ்சு அடைத்த வாயோடு நானே சொன்னேன். “முனி மரத்துல கட்டினேன்.”

சரசு இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். தோசைக் கரண்டி பக்கத்தில் எங்கேயாவது இருக்கிறதா என்று நான் கண்ணால் தேடினேன். 

“தாங்கிச்சா?” என்றாள் கடைசியில்.

“தாங்கிச்சு.”

அவள் உள்ளே போய் மஞ்சளும் வெந்நீரும் கொண்டு வந்தாள். மகளின் கையைத் தன் மடியில் வைத்துக் கழுவினாள். துர்கா பல்லைக் கடித்துக்கொண்டு அம்மாவின் தோளில் சாய்ந்தாள். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் ஆசையாகத் தொட்டு எவ்வளவு நாளாயிற்று என்று எனக்குத்தான் தெரியும்.

கட்டுப் போட்டு முடித்ததும் சரசு என் பக்கம் திரும்பினாள்.

“போயிட்டு வந்தாச்சு இல்ல? இப்ப சொல்லுங்க. அவ போவலாமா, வேணாமா?”

துர்கா தலையைத் தூக்கவில்லை. பாக்கெட்டிலிருந்து வண்டிச் சாவியை எடுத்து எனக்கும் அவளுக்கும் நடுவில் தரையில் வைத்தாள். சத்தியம் செய்தவள். நான் வேணாம் என்றால் அந்தச் சாவி மறுநாள் தவுக்கே கைக்குப் போய்விடும் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

ஆபத்தில்லாத வேலை என்று என்னால் சொல்ல முடியாது. என் பல்லே சாட்சி. தயாராக வைத்திருந்த வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. கூடவே, சேற்றில் திரும்பித் திரும்பிப் போய் வளையத்தை ஆட்டிப் பார்த்த அந்தக் கால்களும் வந்தன. இத்தனை வருஷம் வீட்டில் எல்லோரும் சிரித்த என் நோய் அவளுக்கும் ஒட்டியிருந்தது. அது அங்கே அவளை உயிரோடு வைத்திருந்தது. கூட நின்ற என்னையும்.

எழுந்து போய் வாயிலிருந்த ரத்தத்தைத் துப்பிவிட்டு வந்தேன். துர்காவைப் பார்த்துச் சொல்ல வரவில்லை. சரசுவைப் பார்த்துத்தான் சொன்னேன்.

“போவட்டும். துண்ட மட்டும் நல்லா நனச்சுப் போடச் சொல்லு.”

இதை எழுதும்போது கடையில் ஆளில்லை. வெளியே மழை கொட்டுகிறது. துர்கா காலையிலேயே போய்விட்டாள். பட்டறையில் தட்டிச் சரிசெய்த மணியத்தின் ஜீப்பும் பின்னால் போயிருக்கிறது. வெந்நீர்ப் பாத்திரத்தை இதுவரை பலமுறை பார்த்துவிட்டேன். ஒத்தடத் துண்டு அடுக்கும் தட்டு மறுபடி பாதி காலியாக இருக்கிறது. இந்தத் தடவை நான் யாரையும் சந்தேகப்படவில்லை.